சக்கரத்துக்குப் பளபளப்பு வேண்டாம்

செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தங்கையும் காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த வெளிநாட்டுக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு, ஈரச் சட்டையோடு நிற்காமல் இருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். போன் இருக்கும்போது இதென்ன புதுப் பழக்கம் என்று நீ சிரிப்பாய். போனில் நீ நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா, வெக்கட்டுமாம்மா என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுகிறாய், நானும் சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு சரிப்பா என்கிறேன். இந்தத் தடவை விழுங்க முடியாத ஒன்று இருக்கிறது, அதனால் காகிதம். எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் தெரியுமா, உன் பழைய வண்டியின் மேல். வீட்டுக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவில் இருக்கிற அதே சந்தில் நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, டாங்கின் மேல் ஒரு பிளைவுட் துண்டை வைத்து, அதன் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். இன்று பட்டறையில் மேசைகளுக்கெல்லாம் கடைசிப் பூச்சு அடித்துக் காயப் போட்டிருக்கிறது, தூசி கிளம்பக் கூடாது என்று முதலாளியம்மா எங்களை மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மூன்று மணிக்கு இந்தச் சந்தில் வெயில் ஒரு நாடா அகலத்துக்கு இறங்கி வரும், டாங்கைத் தொட்டு, சீட்டைத் தொட்டு, அப்புறம் சுவரேறிப் போய்விடும். அந்த நாடா இப்போது என் மணிக்கட்டின் மேல் கிடக்கிறது. நான் கொஞ்சம் அங்கே இங்கே போய்வந்துதான் விஷயத்துக்கு வருவேன், உனக்குத் தெரியாததா, என் மனசில் பாதி வீட்டில் இருக்கும், பாதி எங்கேயோ மிதந்துகொண்டிருக்கும், அம்மாவுக்கு மறுபடி சிக்னல் போச்சு என்று உன் தங்கை இப்போதும் கிண்டல் பண்ணுகிறாள்.

போன மாதம் ஒரு போட்டோ அனுப்பினாயே, பழைய வண்டி ஒன்று வாங்கியிருக்கேம்மா, வேலைக்குப் போக வர என்று. அப்பாவும் நீயும் விழுந்த அந்த விபத்துக்கு அப்புறம் நீ இரண்டு சக்கரம் என்ற பேச்சையே எடுத்ததில்லை, பஸ்ஸில்தான் போவேன், நடந்துதான் போவேன் என்று இருந்தாய், அதனால் அந்தப் போட்டோவைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை, பட்டறை முழுக்கக் காட்டினேன், மேசைக்கு ஆணி அடிக்கிறவர்கூட சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். முன்சக்கரம் கன்னங்கரேலென்று மின்னியது, டயரின் ஓரமெல்லாம் கடையில் இருந்து எடுத்த செருப்பு மாதிரி பளபளப்பு, சக்கரத்தின் பக்கத்தில் இருக்கிற இரும்புத் தட்டுகூடக் கண்ணாடியாய்த் தெரிந்தது. யார் பிள்ளை, பாலிஷ்காரி பிள்ளை இல்லையா என்று மனசுக்குள் பூரித்துப் போனேன். பதினொரு நாளுக்கு முன்னால் அதே போட்டோவை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் டயருக்கு எதுவும் தடவாதே, பிரேக் தட்டில் எண்ணெய்க் கைகூடப் படக் கூடாது, துடைக்காமல் வண்டியை எடுக்காதே என்று அடித்துப்பிடித்து உனக்கு மெசேஜ் அனுப்பினேன். நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு விட்டாய், மறுநாள் கேட்டதற்குத் துடைச்சிட்டேம்மா என்றாய், ஏன் என்று மட்டும் கேட்கவேயில்லை. ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

உனக்கும் அப்பாவுக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம் நான்கு மாதம் ஆகிறது. நான் போனை ஸ்பீக்கரில் போட்டால் அவர் எழுந்து குழாயடிக்குப் போய்விடுகிறார், போன் வைத்தபிறகு வந்து, துடைத்த தட்டையே துடைத்துக்கொண்டு, என்னவாம் என்று மட்டும் கேட்பார். நீயும் அப்பா எப்படி இருக்காரு என்று என்னிடம் கேட்பாயே தவிர, அவரிடம் கொடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. நடுவில் நான் தபால்காரி வேலை பார்க்கிறேன். அன்று அடிபட்ட அவருடைய வலது கை இன்னும் தோளுக்கு மேல் ஏறுவதில்லை. முப்பது வருஷம் ஏணியில் நின்று கூரைக்கு ஒயர் இழுத்த மனிதர், இப்போது ஒரு மின்சாமான் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பல்பும் சுவிட்சும் எடுத்துக் கொடுக்கிறார். மேல் தட்டில் இருக்கிற பெட்டியை யாராவது கேட்டால் இடது கையால் கம்பைப் பிடித்துத் தள்ளி, விழுகிறதை ஏந்திக்கொள்கிறார், பந்து பிடிக்கிற மாதிரி இருக்கும், வாடிக்கையாளர்கள் கைதட்டுவார்களாம். இதைச் சொல்லும்போது அவரே சிரிக்கிறார். உன் பேச்சு வந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

உன் போட்டோ வந்த வாரம்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது, மகன் அங்கே வண்டி ஓட்ட ஆரம்பித்துவிட்டான், இங்கே அவன் வண்டி எதற்குப் பிணம் மாதிரி மூடிக்கிடக்க வேண்டும், எழுப்பி உட்கார வைத்துவிடலாம் என்று. விழுந்த அன்று யாரோ தள்ளிக்கொண்டு வந்து விட்ட வண்டி, அப்பா அதன் மேல் கெட்டியான பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக் கயிறு கட்டி, இதை யாரும் தொடக் கூடாது என்றார், யாரும் தொடவில்லை. இப்போது நான் கேட்டதற்கு என்னவோ செய் என்று செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார், அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். தாளை அவிழ்த்தால் உள்ளே மழைக்காலம். தாளின் உள்பக்கமெல்லாம் வியர்வைத் துளி, கீழே செயின் செக்கச்செவேலென்று துரு, சைலன்சரில் கொப்புளம் கொப்புளமாய்த் துரு, சீட்டில் வெள்ளைப் பூசணம், காற்றில்லாத டயர் தரையில் அமுங்கிப் பிய்ந்துபோய். நீ விட்டுப்போன கையுறை ஒன்று ஹேண்டில்பாரில் மாட்டியபடியே இருந்தது. அதைக் கையில் போட்டுப் பார்த்தேன். உன் விரல் நீளத்துக்கு என் விரல் எட்டவில்லை, நுனியெல்லாம் காலியாக மடங்கிக்கொண்டது.

மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொன்னேன், வேறு யார், அவசரம்தான். பஞ்சர் ஒட்டவே ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறவருக்கு இந்தப் பெயரை யார் வைத்தார்களோ, இப்போது அவர் பெண்டாட்டிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாராம். வந்தவர் வண்டியைத் தொடவில்லை, முதலில் அந்தப் பிளாஸ்டிக் தாளைத்தான் திட்டினார். அக்கா, வண்டி மூச்சு விடணுங்க்கா, இதைப் போட்டு மூடினா உள்ள ஈரம் எங்க போகும், பழைய போர்வை போதும், அதுவும் வெயிலும் மழையும் படாத இடமா இருக்கணும் என்றார். இதை நீயும் கேட்டுக்கொள், அங்கே குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைப்பேன் என்றாயே. நிறுத்துவதற்கு முன் டாங்கை நிறைய ரொப்பிவிட வேண்டுமாம், பாதி காலியாக இருந்தால் அந்தக் காலி இடத்துக் காற்றே வேர்த்து உள்ளே துருவாகிவிடும். நம் டாங்க் அப்படித்தான் ஆகியிருந்தது. அவசரம் மிச்ச பெட்ரோலை வடித்துவிட்டு, உள்ளே வினிகரையும் ஒரு பிடி சின்ன நட்டுகளையும் போட்டு, குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி இரண்டு கையிலும் வைத்து அரைமணி நேரம் குலுக்கினார், எனக்கு அந்தச் சத்தத்தில் தூக்கமே வந்துவிட்டது, எங்கேயோ கடலோரத்தில் கூழாங்கல் உருள்கிறது, நீ முழங்கால் வரை தண்ணீரில் நின்று என்னைக் கூப்பிடுகிறாய் என்று தோன்றியது. கண்ணைத் திறந்தால் பழுப்புத் தண்ணீர் வாளியில் கொட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று நாள் அலசி, உலர்த்தி, பெட்ரோல் விட்டுக் கழுவி ஒருவழியாகச் சுத்தமாயிற்று. செயினை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் உலர்த்தி, அப்புறம்தான் எண்ணெய் விட்டார், அழுக்கின் மேல் எண்ணெய் விடுகிறதற்கு விடாமலே இருக்கலாமாம். செயினை நடுவில் அமுக்கினால் இரண்டு விரல் கனத்துக்கு ஆட வேண்டும், அதற்கு மேல் தொங்கினாலும் ஆபத்து, விறைப்பாக இருந்தாலும் ஆபத்து. உன் வண்டியையும் ஒருநாள் அமுக்கிப் பார். தண்ணீர் பீய்ச்சுகிற குழாயைச் சக்கரத்தின் நடுவில் காட்டாதே, உள்ளே இருக்கிற கிரீஸ் போய்விடும், வாளியும் துணியும் போதும்.

மேல்வேலை எல்லாம் என்னுடையது. இதை மட்டும் நான் செய்யறேன் என்று அவசரத்திடம் சொல்லிவிட்டேன், அவருக்கும் சந்தோஷம், வேலை குறைந்தால் யாருக்குக் கசக்கும். பக்கவாட்டு மூடி வெடித்திருந்ததே, விழுந்த பக்கம், அந்த வெடிப்பு எங்கே முடிகிறதோ அந்த நுனியில் ஊசி கனத்துக்கு ஒரு துளை போட்டுக்கொடுத்தார், துளை போட்டால் வெடிப்பு அதைத் தாண்டி ஓடாது, அப்புறம் உள்பக்கமாய் வைத்து ஒட்டினோம். நசுங்கியிருந்த முன் மட்கார்டின் பிளாஸ்டிக்கில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி உள்ளே இருந்து அமுக்கினேன், டப்பென்று பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது, எனக்கு ஏதோ மந்திரம் போட்ட மாதிரி இருந்தது, ஊரெல்லாம் கேட்கிற மாதிரி சிரித்தேன். டாங்கில் இருக்கிற கீறல்களைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு நைஸான உப்புத்தாளால் தேய்த்தேன். மரமாய் இருந்தால் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் தேய்க்க வேண்டும், இரும்புக்கு ரேகை இல்லை, கை பாட்டுக்குப் போகிறது, மனசும் அதன் கூடப் போகிறது. துரு தெரிகிற இடத்தை விட்டுவைத்து மேலே பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்தில் கொப்புளித்துக்கொண்டு வரும், வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேய்த்து, அன்றைக்கே அடிப்பூச்சு கொடுத்துவிட வேண்டும். அப்புறம் பெயின்ட்டை மெல்லிசாய், ஒன்று காய்ந்தபின் ஒன்று, நான்கு தடவை. பொறுமையில்லாமல் ஒரே தடவையில் கனமாக அடித்தால் ஒழுகி நிற்கும், நீ சின்ன வயசில் உன் சைக்கிளுக்கு அடித்தாயே அந்த மாதிரி. இப்படி மதியத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தால் நீல நிறம் ஆழமாகி ஆழமாகி அதற்குள் மேகம் போகும், என் முகம் போகும், சில நாள் அந்த நீலத்திலேயே கிளம்பி உன் ஊர் வரை போய்விடுவேன். ஈரமான தெரு, மஞ்சள் விளக்கு, நீ ஒரு கதவைத் திறந்துகொண்டு வருகிறாய், அப்பா உன் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு பேரும் எதையோ சத்தமாய்ப் பேசிக்கொண்டு போகிறீர்கள், என்ன பேசுகிறீர்கள் என்று மட்டும் எனக்குக் கேட்பதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பதினொரு நாளுக்கு முன்னால் அவசரம் முன்சக்கரத்துக்கு வந்தார். பிரேக்கைக் கழற்றி, தட்டைக் கவ்விப் பிடிக்கிற அந்த இரண்டு சின்னக் கட்டைகளையும், பேட் என்கிறார்களே, உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொரசொரப்பாக இருக்க வேண்டியது கண்ணாடி மாதிரி மின்னியது. நகத்தால் சுரண்டினார், மெழுகுச் சுருள் மாதிரி மஞ்சளாய் ஏதோ வந்தது. தட்டை வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டினார், துணியில் பிசுக்கு. அக்கா, இது எண்ணெய் இல்ல, ஏதோ பாலிஷு, தட்டு, கட்டை, டயரு எல்லாத்துலயும் அடிச்சிருக்காங்க, இதுல யாரு ஓட்டினாலும் பிரேக் பிடிக்காது, எமன் ஓட்டினாலும் பிடிக்காது, யாருக்கா இந்த வேலையைப் பண்ணினது என்று கேட்டார். சுரண்டினதை என் மூக்குக்கு நேராக நீட்டினார். லேசாகத்தான் இருந்தது, ஆனால் அந்த ஆரஞ்சுத் தோல் வாசனை எனக்குத் தெரியாதா, பதினாறு வருஷமாக என் கையில் இருக்கிற வாசனை. பட்டறையில் முடித்த மேசைக்குக் கடைசியாகத் தெளித்துத் துடைக்கிற பாலிஷ். இந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவசரம் வெயில் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கண்ணா, அதை அடித்தது நான். அப்பாவுக்கு மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்காணல் என்று நீ அவரைக் கூட்டிக்கொண்டு போக இருந்தாயே, அதற்கு முந்தின சாயங்காலம். நீ கடைத்தெருவுக்குப் போயிருந்தாய். வண்டி மழைச் சேறு காய்ந்து அழுக்காய் நின்றது. இவ்வளவு பெரிய இடத்துக்கு அவர் போய் இறங்கும்போது பார்க்கிறவர்கள் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், பட்டறையிலிருந்து பாதி டப்பா கேட்டு வாங்கிவந்து, டாங்குக்கு அடித்தேன், சீட்டுக்கு அடித்தேன், கை நிற்கவில்லை, மங்கலாக எது இருந்தாலும் எனக்குப் பொறுக்காதே, டயருக்கு அடித்தேன், அந்த இரும்புத் தட்டு மங்கலாய் இருக்கிறதே என்று அதற்கும் இரண்டு பக்கமும் அடித்துத் துணியால் பளபளவென்று ஏற்றினேன். நீ வந்து பார்த்துவிட்டு, அம்மா வண்டியைக் கல்யாணத்துக்கு ரெடி பண்ணிட்டாங்க என்றாய், எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது. காலையில் நீங்கள் இரண்டு பேரும் கிளம்பும்போது வாசலில் நின்று பார்த்தேன், தெருமுனை வரை வண்டி ஒரு வெளிச்சமாகப் போயிற்று. சமதளத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த வரைக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஐஸ் கம்பெனி இறக்கத்தில் அந்தத் தள்ளுவண்டி குறுக்கே வந்தபோதுதான் நீ பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறாய்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னிடம் என்ன சொன்னாய் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிரேக் பிடிக்கலைம்மா, சத்தியமா பிடிக்கலை என்று சொன்னாய். உன் முழங்கை முழுக்க ரத்தம், நீ அதைக் கவனிக்கவே இல்லை. உள்ளே படுத்திருந்த அப்பா, வேகமா வந்து விட்டுட்டு பிரேக் மேல பழி போடறியா என்று கத்தினார். நான் உன் பக்கம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசாமல் போனாலும் சும்மா இருந்திருக்கலாம். நான் என்ன சொன்னேன், இப்ப சாக்குச் சொல்ற நேரமாடா, அப்பாகிட்ட மன்னிப்புக் கேளு என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்க் கேட்டாய். அதற்கப்புறம் நீ ஒருநாளும் பிரேக் என்று வாயெடுக்கவில்லை. கிளம்புகிற அன்று, என் மேலதாம்மா தப்பு, வேகமாத்தான் வந்துட்டேன் என்று நீயாகவே சொன்னாய். நாங்கள் சொல்லிச் சொல்லி உன்னையே அதை நம்ப வைத்துவிட்டோம். பாலிஷ் போட்டது தெரியாமல் செய்தது, அதற்குக்கூட நான் எனக்குள் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்வேன். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை சத்தியமா என்று சொல்லியும் நம்பவில்லையே, அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. என்னை மன்னித்துவிடு கண்ணா.

இந்தப் பதினொரு நாளும் நான் எப்படி நடமாடினேன் என்று கேட்காதே. அப்பாவுக்குச் சட்டை மாட்டிவிடும்போது அந்தக் கையைப் பிடித்து மெல்ல உள்ளே விடுவேன் இல்லையா, அப்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வரும், அவர் வலியில் முகத்தைச் சுளித்ததும் உள்ளே போய்விடும். பட்டறையில் அந்த டப்பாவைத் தொடவே கூசுகிறது, வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு நான் தேய்க்கிற வேலையை மட்டும் பார்க்கிறேன், முதலாளியம்மா உடம்புக்கு என்ன என்று கேட்கிறார். அவசரம் அந்தப் பேட்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினார், பாலிஷ் குடித்த கட்டையைத் துடைத்துப் பயன் இல்லையாம், தட்டை மட்டும் ஸ்பிரிட்டால் பல தடவை துடைக்க வேண்டுமாம். உன் வண்டியிலும் தட்டு மின்னியது, அதனால் நீ துணியால் துடைத்தது போதாது, ஒரு மெக்கானிக்கிடம் காட்டி பேட் மாற்றிவிடு, புதுசு போட்டதும் ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பத்துப் பதினைந்து தடவை பிரேக் பிடித்துப் பழக்கு, இதை மட்டும் இன்றே மெசேஜிலும் போட்டுவிடுகிறேன். டயர் மங்கலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய் என்றுதான் எனக்குப் பயம், நீ குழந்தையாய் இருந்தபோது என் மடியில் உட்கார்ந்து துணியைப் பிடித்துத் தேய்ப்பாய்.

இதோடு நிறுத்தி, இதைத் தபாலில் சேர்த்துவிட்டு, அப்புறம் இன்று சாயங்காலம் அப்பாவிடம் சொல்வது என்று நினைத்திருந்தேன். அதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, உன் தங்கையும் வீட்டில் இல்லை, காகிதத்தை அப்படியே டாங்கின் மேல் வைத்துவிட்டுக் குடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். நான்கு குடம் பிடித்து முடித்து வந்து பார்த்தால் அப்பா. கடையில் கரண்ட் இல்லை என்று சீக்கிரம் வந்துவிட்டாராம், மின்சாமான் கடையில் கரண்ட் இல்லை, கேட்டாயா. சந்தின் படியில் உட்கார்ந்து, காகிதத்தை இடது கையில் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய அசைய வாசித்துக்கொண்டிருந்தார். நான் குடத்தை இறக்கக்கூட மறந்து இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். வெயில் சுவரேறிப் போய்விட்டது. பக்கத்து வீட்டில் யாரோ ஸ்பூனால் டீ கலக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் ஒவ்வொரு தாளாகப் படித்து, முடித்ததை முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொண்டே போனார்.

கடைசித் தாளை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே, தட்டில மட்டுமா, கட்டையிலயுமா என்று கேட்டார். ரெண்டுலயும் என்றேன். எழுந்து போய் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார், பிரேக்கை இடது கையை நீட்டிப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். அவன் அங்கேயே சொன்னான்டி என்றார். சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, வியர்வையைத் துடைக்கிற மாதிரி தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு வருஷமாக நான் பார்க்காத முகம் அது. என் மேல் கோபம் இல்லையா என்று கேட்டதற்கு, உனக்கு அப்புறம் இருக்கு, முதல்ல அவன் விஷயம் என்றார். அது என்னவென்று நினைத்தால் எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது, இருந்தாலும் ஏனோ மார்பிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரியும் இருக்கிறது.

போனைக் கையில் எடுத்துக்கொடுத்தேன், இப்பவே பேசுங்க என்று. வேண்டாம் என்று தள்ளினார். நான் கத்தினதை நாலு பேர் கேட்டாங்க, அவன் சொன்னதை ஒருத்தரும் கேட்கலை, முதல்ல அவன் இதை முழுசாப் படிக்கட்டும், அப்புறம் பேசறேன், இல்லேன்னா எனக்கு வாயும் வராது, அவனுக்கு ஒண்ணும் புரியாது என்றார். எத்தனை நாள்ல போய்ச் சேரும், அவன் கையெழுத்துப் போட்டு வாங்கற மாதிரி அனுப்பு, வாங்கின அன்னைக்கு நமக்குத் தெரியணும் என்றார். நாளைக் காலை அவரே லீவு போட்டுவிட்டுத் தபால் ஆபீசுக்கு வருகிறாராம். உன் ஊரில் இப்போது மணி என்ன, நீ வேலை விட்டு வருவது எப்போது, சாப்பிடுவது எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நாட்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் இடது கையால் கோணல்மாணலாக எழுதி வைத்திருக்கிறார்.

எங்கே இருந்தாலும் உடம்பில் ஒரு கீறல் இல்லாமல், மனசில் ஒரு உறுத்தல் இல்லாமல், நீண்ட ஆயுளோடு நீ நன்றாக இருக்க வேண்டும், எந்தச் சாலையில் போனாலும் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும், பெற்றவளுடைய ஆசி உனக்கு முழுக்க உண்டு. தங்கை உன்னை மிகவும் விசாரித்தாள், பரீட்சை முடிந்ததும் எழுதுவாளாம், நம்பாதே. கழுத்துக்கு ஏதாவது சுற்றிக்கொள். பேட் மாற்றியதும் ஒரு வரி சொல்.

கடைசியாக ஒன்று. இதை நீ கையெழுத்துப் போட்டு வாங்கின அன்று சாயங்காலம், நீ சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்கு, என் நம்பரிலிருந்து மணி அடிக்கும். எடுத்ததும் சொல்லும்மா என்று சொல்லிவிடாதே. பேசப்போவது நான் இல்லை.

இப்படிக்கு,
உன்னை நம்பாமல் போன, இனி நம்புகிற,
அம்மா